பாலக்காட்டுப் பக்கம் குடிவருகிறவர்களுக்கு: பஞ்சாயத்து ஓட்டர் லிஸ்ட்டை முதலில் பாருங்கள்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து கஞ்சிக்கோட்டு வேலைக்காக சித்தூர் தாலுகாவில் வீடு பிடிக்கிறவர்கள், வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது இருந்தால், சாமான் ஏற்றும் முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

ஆதார் முகவரி, ரேஷன் கார்டு எல்லாம் அட்சயா மையத்தில், அதாவது நம்மூர் இ-சேவை மையம் மாதிரியான இடத்தில், முடிந்துவிடும். மனுவைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், கேரள ஆட்சிமொழிச் சட்டமே தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது, யாராவது முகம் சுளித்தால் அசராதீர்கள். காருண்யா என்கிற கேரள அரசின் மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம்தான், ஆனால் ஏற்கெனவே அந்தக் காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிற குடும்பங்களுக்கு. வந்த கையோடு கிடைக்கும் என்று நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் அத்தைக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்தது. சென்னையில் முடிவெடுத்தார்கள், வாசலுக்கு வந்தது, நாங்கள் யாரிடமும் போய் நின்றதில்லை. இங்கே அப்படியில்லை. 1996ல் கேரளாவில் மக்கள் திட்டம் என்று உள்ளூர்த் திட்டங்களை உள்ளாட்சிகளே போடும் முறை தொடங்கியபோது மாநிலத் திட்டப் பணத்தில் 35லிருந்து 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள், அதை ஒட்டியே ஆரம்ப சுகாதார நிலையங்களும் பஞ்சாயத்தின் கைக்கு வந்தன. டாக்டருக்குச் சம்பளம் அரசு தரும். படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து கவனிக்கும் பாலியேட்டிவ் (வலி நிவாரண) நர்ஸ், அவர் வீடு வீடாகப் போகிற வண்டி, கூடுதல் மருந்து, இதெல்லாம் பஞ்சாயத்தின் வருடத் திட்டத்தில் எழுதியிருந்தால்தான் நடக்கும்.

அந்த நர்ஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நாங்கள் வந்த இரண்டாவது வாரமே ஆஷா சேச்சி (கிராம சுகாதாரப் பணியாளர், சேச்சி என்றால் அக்கா) அத்தையின் பெயர் எழுதிக்கொண்டு போனார், அடுத்த வாரம் நர்ஸின் ஜீப் வந்து நின்றது. ஓட்டு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நர்ஸ் டியூபை மாற்றி, படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அத்தை கொங்குத் தமிழில் பேச அவர் மலையாளத்தில் பதில் சொல்ல, இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது. வலி நிவாரண சிகிச்சைக்கென்று 2008லேயே தனிக் கொள்கை வகுத்த மாநிலம் இது, அந்தப் பெருமையை நானும் கொண்டாடுவேன்.

ஆனால் கட்டில், சக்கர நாற்காலி வேறு கதை. வயதானவர்களுக்குக் கட்டில் என்று பல பஞ்சாயத்துகள் பணம் ஒதுக்குகின்றன. யாருக்கு என்பதை முடிவு செய்வது வார்டு கிராமசபை. என் கணவர் ஓட்டர் ஐடியை எங்கள் எல்லோருக்கும் பாலக்காட்டு முகவரிக்கு மாற்றி வைத்திருந்தார், அந்தத் தைரியத்தில் போய் உட்கார்ந்தேன். பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு வார்டு மெம்பர் சேச்சி, "பேரில்லல்லோ" (பெயர் இல்லையே) என்றார். நம்மூரில் சட்டசபை லிஸ்ட்டையே வார்டு வாரியாகப் பிரித்து உள்ளாட்சிக்கும் வைத்துக்கொள்வார்கள். கேரளாவில் உள்ளாட்சிக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் தனி லிஸ்ட் வைத்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு. பஞ்சாயத்து லிஸ்ட்டில் பெயர் இருப்பவர்தான் கிராமசபை உறுப்பினர். முதல் நாள் பஞ்சாயத்து ஆபீசில் விசாரித்தபோதே, "ஓட்டர் ஐடி இருக்கிறதே, போதும்" என்று அனுப்பிவைத்தவரை நினைத்தால் இன்னமும் ஆத்திரம் வருகிறது. ஒரு நிதியாண்டு அப்படியே போனது. கட்டிலை கோயம்புத்தூரில் சொந்தக் காசில் வாங்கி, வேலந்தாவளம் வழியாகக் கொண்டுவந்தோம்.

ஆகவே வந்ததும் பஞ்சாயத்துச் செயலாளரிடம் போங்கள், அந்த லிஸ்ட்டுக்குப் பதிவு அதிகாரி அவர்தான். பெயர் சேர்க்க எப்போது திறப்பார்கள் என்று கேட்டு, படுக்கையில் இருப்பவர் பெயரையும் சேர்த்தே கொடுங்கள், நாங்கள் அத்தையை விட்டுவிடப் பார்த்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கிராமசபை கூட வேண்டும் என்பது சட்டம், தேதியை மெம்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வருடத் திட்டம் கிராமசபை, வளர்ச்சிக் கருத்தரங்கு, மாவட்டத் திட்டக் குழு என்று போய் ஏப்ரலில் தொடங்கும், மார்ச்சில் போய்க் கேட்டால் பணம் தீர்ந்திருக்கும். அப்புறம், வாடகை வீடு மாற்றினால் வார்டு எண்ணைப் பாருங்கள், ஒரு தெரு தள்ளினாலே வேறு வார்டாக இருக்கும், லிஸ்ட்டிலும் மாற்றியாக வேண்டும்.