புயல் கூண்டு ஏற்றிய அன்றே: கைக்குழந்தை உள்ள வீட்டில் முடிக்க வேண்டிய வேலைகள்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. பல கிராமங்களில் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தக் கரையில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது எதிர்பார்க்க வேண்டிய விஷயம்தான். துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்த அன்றே, கரண்ட் இருக்கும்போதே, கீழே உள்ளதையெல்லாம் முடித்துவிடுங்கள்.

முதல் வேலை தண்ணீர். மோட்டார் போட்டு டேங்க்கை நிரப்புங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்று 5 நாளுக்குக் கணக்குப் போட்டு, மூடியுள்ள குடங்களில் தனியாகப் பிடித்து வையுங்கள். பால் கொடுக்கும் அம்மாவுக்கு இன்னும் ஒரு லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். பிள்ளை கழுவ, துணி அலச வேறு தண்ணீர். இதில் ஒரு ஆபத்து உண்டு. தவழும் பிள்ளை, தத்தித் தத்தி நடக்கும் பிள்ளை தலைகீழாக விழுந்தால் பக்கெட்டில் அரை அடித் தண்ணீரே உயிரை வாங்கிவிடும். நிரப்பிய பக்கெட்டும் அண்டாவும் பாத்ரூமுக்குள் இருக்கட்டும். வெளித்தாழ்ப்பாள் எப்போதும் போட்டிருக்கட்டும். மழை தொடங்கிவிட்டால் குழாய்த் தண்ணீரை நம்பாமல், கொதி வந்தபின் முழுசாக ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவையுங்கள்.

ஆறு மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். பயத்திலும் தூக்கமில்லாமலும் சில நேரம் பால் இறங்கத் தாமதமாகும். “பால் வற்றிப்போச்சு” என்று வீட்டில் சொல்வார்கள். வற்றவில்லை. பிள்ளையை அடிக்கடி மார்பில் போடுங்கள், அம்மா வயிறார சாப்பிடட்டும். பால் தானாக இறங்கும். இந்த நேரத்தில் புதிதாகப் பவுடர் பால் தொடங்குவதுதான் பெரிய தவறு. ஏற்கெனவே பவுடர் பால் குடிக்கும் பிள்ளை என்றால், ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும், கொதிக்கவைத்து சூடு ஆறுவதற்குள் உள்ள தண்ணீரில் கலக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்துக் கொடுங்கள். 2 மணி நேரத்தில் தீராததைக் கொட்டிவிடுங்கள். பாட்டிலுக்குப் பதில் பாலாடையோ டம்ளரும் ஸ்பூனுமோ நல்லது. பாட்டில் நிப்பிளின் இடுக்கில் தங்கும் பாலை, தண்ணீர் தட்டுப்பாட்டில் யாராலும் சரியாகக் கழுவ முடியாது. வயிற்றுப்போக்கு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு முன்கூட்டியே கஞ்சி மாவு செய்து வையுங்கள். 3 பங்கு புழுங்கலரிசிக்கு 1 பங்கு பாசிப்பருப்பு. இரண்டையும் தனித்தனியாக வாசம் வரும்வரை வறுத்து, நன்றாக ஆறியபின் ரவை பதத்துக்கு அரைத்து, ஈரமில்லாத டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். 2 மேசைக்கரண்டி மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர், கட்டி தட்டாமல் கரைத்து, கிண்டிக்கொண்டே 8 முதல் 10 நிமிடம். இறக்கும்போது ஒரு ஸ்பூன் நெய். ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கும் பதம்தான் சரி. தண்ணியாக இருந்தால் வயிறு ரொம்பும், சத்து சேராது. அவல், முட்டை, வாழைப்பழம் ஃபிரிட்ஜ் இல்லாமல் தாங்கும். இட்லி மாவு மறுநாளே புளித்துவிடும் என்பதால் நிறைய அரைத்து வைக்காதீர்கள். வேர்க்கடலை, முழுப் பொட்டுக்கடலை, முறுக்குத் துண்டு எதையும் சின்னப் பிள்ளை கைக்கு எட்டவிடாதீர்கள். இருட்டில் தொண்டையில் சிக்கினால் கவனிக்கவே நேரமாகும்.

துணி காயாததுதான் மழைக்காலத்தின் தினசரி அவதி. பழைய வேட்டியைக் கிழித்த துணிகளைக் கரண்ட் இருக்கும்போதே இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள். ஈரம் லேசாக இருந்தாலும் தொடை இடுக்கில் சிவந்துபோகும். ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளோடு சிவந்தால் அது பூஞ்சை; தேங்காய் எண்ணெயில் போகாது, டாக்டரிடம் காட்டி மருந்து பூசவேண்டும். பவுடர் போட வேண்டாம். டயப்பர் போடும் ஒரு வயதுக்குள் பிள்ளைக்கு 5 நாளுக்கு 40 வரை தேவைப்படும். பயன்படுத்தியதைச் சாக்கடையில் போட்டால் அடைத்துக்கொண்டு தெருத் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே ஏறும்.

மருந்து டப்பாவில் இருக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பாரசிட்டமால், தெர்மாமீட்டர். ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பாதி பாதியாகக் கலக்கக்கூடாது, அளவு தப்பும். லிட்டர் வாட்டர் பாட்டிலால் அளந்து, ஆறிய தண்ணீரில் முழுசாகக் கலக்கி 24 மணி நேரத்துக்குள் தீர்க்கவும். ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் இரண்டு வயதுக்குள் 50–100 மி.லி., அதற்கு மேல் 100–200 மி.லி., ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு மெதுவாகத் தொடருங்கள். கடையில் சின்ன டப்பாவில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது; அதிகச் சர்க்கரை பேதியைக் கூட்டும்.

பாரசிட்டமாலில்தான் அதிகம் குழப்பம். பிள்ளையின் எடை கிலோவுக்கு 15 மி.கி. வீதம், 6 மணி நேர இடைவெளியில், நாளைக்கு 4 வேளைக்கு மேல் போகாமல். 10 கிலோ பிள்ளைக்கு 150 மி.கி. என்றால், 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் அது 6 மி.லி.; 250 மி.கி. சிரப்பில் 3 மி.லி.; ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. மட்டுமே. சொட்டு மருந்தை சிரப் அளவில் ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். எடைக்கான அளவைப் பேப்பரில் எழுதி பாட்டில் மேலேயே ஒட்டிவிடுங்கள். டார்ச் வெளிச்சத்தில் கணக்குப் போட முடியாது. மூன்று மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்துப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு.

வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி, சிம்னி விளக்கு வேண்டாம். சார்ஜ் விளக்குகளே போதும். மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போகும், உடனே 108. காற்று அடிக்கும் இரவில் தூளியைக் கழற்றிவிட்டு, கண்ணாடி ஜன்னலும் பரணும் இல்லாத உள் அறையில் தரையில் படுக்க வையுங்கள். அறையை மூடிக்கொண்டு கொசுவத்தி ஏற்றாமல் கொசுவலை கட்டுங்கள்.

அவசரத்துக்குக் கட்டி வைத்த பையை மழை விட்டதும் பிரித்துவிடாதீர்கள். 2024-ல் மழை ஓய்ந்தபின், சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்துதான் கடலூர் பக்கம் ஊருக்குள் புகுந்தது. ஆற்றோரத்தில் இருப்பவர்கள் இன்னும் இரண்டு நாள் தயாராகவே இருங்கள். தடுப்பூசி அட்டை, ஒரு செட் உலர்ந்த துணி, கஞ்சி மாவு, மருந்து எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. தேங்கிய தண்ணீரில் கப்பல் விட பிள்ளைகள் அடம் பிடிக்கும். அதில் சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்திருக்கும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பக்கெட்டில் விட்டு விளையாடட்டும். செருப்பு, பொம்மைக் கூடை, துணிக் குவியல் எல்லாவற்றையும் குச்சியால் கிளறி, பாம்பு இல்லை என்று பார்த்தபின் கை வையுங்கள்.

அடுத்த வாரம் முதல் டெங்கு கொசு கிளம்பும். தேங்காய் மூடி, டயர், உடைந்த குடத்தை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். காய்ச்சலுக்கு பாரசிட்டமால் தவிர வேறு மாத்திரை வேண்டாம். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, ஓயாத வாந்தி, கை கால் ஜில்லிடுவது, துவண்டு கிடப்பது, ஈறில் ரத்தம் தெரிந்தால் இரவென்றும் பாராமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மழையால் தடுப்பூசி நாள் தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட ஊசியிலிருந்தே தொடர்வார்கள், அட்டையோடு போங்கள்.