சிலம்பு காட்டும் மூன்று நாடுகள்: படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

சோழரின் புகார் வணிகத்துக்கு, பாண்டியரின் மதுரை நீதிக்கு, சேரரின் வஞ்சி வீரத்துக்கு. சிலப்பதிகாரம் பற்றிய கட்டுரைகளில் இந்த வாய்பாட்டை அடிக்கடி பார்க்கிறேன். தேர்வுக்கு இது வசதியானது. ஆனால் மூன்று காண்டங்களில் உள்ள 30 காதைகளையும் (பகுதிகளையும்) பொறுமையாகப் படித்தவர்கள் இதோடு நின்றுவிட மாட்டார்கள்.

காண்டத்தின் முடிவில் வரும் புகழுரையை அந்த நாட்டின் தனிக்குணத்துக்குச் சான்றாகக் காட்டுவது முதல் தவறு. "அறனும் மறனும் ஆற்றலும் அவர்தம் பழவிறல் மூதூர்ப் பண்புமேம் படுதலும்" என்ற அடிகளைப் புகார்க் காண்டத்தின் இறுதியில் படித்துவிட்டுச் சோழநாட்டின் தனிச்சிறப்பு என்று எழுதுகிறார்கள். மதுரைக் காண்டத்தின் முடிவிலும் வஞ்சிக் காண்டத்தின் முடிவிலும் அதே அடிகள் இருக்கின்றன. சோழருக்குக் காவிரி, பாண்டியருக்கு வையை என்று ஆறு மாறும், புகழ்மொழி மாறாது. மூவேந்தருக்கும் சமமாக அளந்து வைத்த மரியாதை அது. நாட்டுக்கு நாடு வேறுபாடு தெரிய வேண்டுமானால், அங்கே என்ன நடக்கிறது, யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பேசுபவர் யார் என்பதை மறந்தால் அடுத்த சறுக்கல். அரண்மனை வாயில் மணியை அடித்த பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் மடித்த மன்னனைச் சொல்லி, "பெரும்பெயர்ப் புகார் என்பதியே" என்று கண்ணகி முழங்குகிறாள். இது, செய்யாத களவுக்காகக் கணவனைப் பறிகொடுத்தவள் பாண்டியனின் மன்றத்தில் நின்று தொடுக்கும் வாதம். சோழநாடு அறத்தின் பக்கம், பாண்டியநாடு அதற்கு எதிர்ப்பக்கம் என்று இதிலிருந்து முடிவு கட்டுபவர்கள், கட்டுரை காதைக்கு வந்து சேர்வதே இல்லை. அங்கே மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி, பாண்டியன் மறை ஓதும் நாவின் ஓசையைக் கேட்டிருக்கிறானே தவிர, முறையிடுவோரின் "மணிநா ஓசை கேட்டதும் இலனே" என்கிறது. புகாரின் மணிக்கு மதுரையின் மணி சொல்லும் மறுமொழி இது. பிறகு காட்சிக் காதையில் சேரன் செங்குட்டுவன் பேசுகிறான்: தீவினை வளைத்த கோலைப் பாண்டியன் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்திச் செங்கோல் ஆக்கினான் என்று. ஒரே நிகழ்ச்சியைப் பற்றி மூன்று நாடுகளின் குரல்கள். ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுவது இளங்கோவடிகளுக்கு நியாயம் செய்வதாகாது.

பாலைநில வேட்டுவரான எயினரை வெறும் கொள்ளையராகக் கடந்துபோவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. வேட்டுவ வரியில் தெய்வம் ஏறிய சாலினி, ஊராரின் பசுக்கூட்டம் பெருகிவிட்டது, எயினரின் மன்றுகள் பாழ்பட்டன, அவர்கள் "அறக்குடி போல" அடங்கிவிட்டார்கள் என்று கடிந்து பேசுகிறாள். நகரத்து அளவுகோலில் புகழ்ச்சியாக இருக்க வேண்டிய சொல், பாலைநிலத்தில் வசையாக ஒலிக்கிறது. அந்த நிலத்தின் மானமும் பசியும் அவர்கள் வணங்கும் கொற்றவைக்குத் தர வேண்டிய கடனும் அந்த ஒரு பேச்சுக்குள் இருக்கின்றன. முல்லையும் குறிஞ்சியும் வளம் திரிந்துதான் பாலையாகிறது என்று காடுகாண் காதை முன்பே சொல்லிவிட்டது. எயினரை எடைபோடும்போது அந்த வறட்சியையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மதுரை என்றால் அரசனும் பொற்கொல்லனும் மட்டும்தானா? கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரி மதுரைப் புறஞ்சேரியின் ஆயர்குலப் பெண். அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று அவள் தீயில் புகுந்த செய்தியை நீர்ப்படைக் காதையில் மாடலன் என்ற மறையவன் சொல்கிறான். அந்த ஊரின் அறத்தை எழுதும்போது அவளை விடக் கூடாது.

இன்றைய மாநில எல்லைகளைக் கொண்டுபோய்ச் சேரநாட்டின் மீது பொருத்துவது இன்னொரு தவறு. இதை விரிக்கத் தேவையில்லை.

கண்ணகியைப் புகாரின் மகளாக மட்டுமே பார்ப்பவர்கள் இழப்பதுதான் அதிகம். அவள் மதுரைக்குள் நுழைவதற்கு முன்பே சாலினி அவளைக் "கொங்கச் செல்வி குடமலையாட்டி" என்று அழைக்கிறாள். கண்ணகியோ, இந்த மூதறிவாட்டி ஏதோ மயங்கிப் பேசுகிறாள் என்று நாணிக் கணவனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குகிறாள். வாழ்த்துக் காதையில் செங்குட்டுவன் முன் தெய்வ வடிவில் தோன்றும்போது, "தென்னவன் தீதிலன்" என்று சொல்லி, தன்னைப் பாண்டியனின் மகள் என்றே கூறிக்கொள்கிறாள். பிறந்தது சோழநாட்டில், கோயில் எழுந்தது சேரநாட்டில், மகளாகத் தன்னைச் சொல்லிக்கொண்டதோ தான் எரித்த நகரத்தின் அரசனுக்கு.