தண்ணி வடிஞ்சாச்சா? மோட்டர் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சென்னை வேளச்சேரில கிரவுண்ட் ஃப்ளோர் நாங்க. 2015லயும் வீட்டுக்குள்ள தண்ணி, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் என்னவோ ஆந்திராவுல பாபட்லா பக்கம்தான் கரையைக் கடந்துச்சு, ஆனா அதுக்கு முந்தி 3, 4 தேதில இங்க கொட்டினதுல மறுபடியும் முட்டி வரைக்கும்.

தெருவுல கரண்ட் வந்துருச்சேன்னு மெயினைப் போடாதீங்க, எலக்ட்ரீஷியன் பாக்கணும். இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணச் சொல்லுங்க, மெயின் ஆஃப்ல இருந்தாலும் அது பாட்டுக்கு வீட்டுக்குள்ள கரண்ட் குடுத்துட்டிருக்கும்.

கழுவறதுக்கு முன்னாடி சுவத்துல தண்ணி நின்ன கோடு தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. கார் முங்கியிருந்தா சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்னு சாவியைத் திருப்பவே கூடாது, சிலிண்டர்ல தண்ணி இருந்தா கனெக்டிங் ராடு வளஞ்சுடும், இன்ஜின் ப்ரொடெக்ஷன்ங்கற ஆட்-ஆன் கவர் எடுக்கலன்னா இன்சூரன்ஸ்ல பெரும்பாலும் கைய விரிச்சுடுவாங்க. டோ பண்ணி மெக்கானிக் கிட்ட விடுங்க.

இப்ப சம்ப், அதான் தரைக்கடியில இருக்கற தண்ணித் தொட்டி. 2015ல நான் அவசரத்துல மோட்டர் போட்டு, சாக்கடை கலந்த தண்ணியை மேல டேங்க்குக்கு ஏத்தி மூணு மாடிக்கும் சப்ளை பண்ணேன், மாடி வீட்டு மாமி இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாங்க. வெள்ளம் மூடிய தாண்டியிருந்தா உள்ள இருக்கறது தெளிவா தெரிஞ்சாலும் நம்பாதீங்க, வேற பம்ப் வாடகைக்கு எடுத்து மொத்தத்தையும் வெளிய இறைச்சிருங்க. மூடியைத் திறந்த உடனே ஆளை உள்ள இறக்காதீங்க, விஷவாயு இருந்தா மேல வர நேரமே இருக்காது. முடிஞ்ச வரைக்கும் வெளிய நின்னே நீளக் கம்பு பிரஷ்ஷால பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு ரெண்டு தடவை அலசுங்க. டேங்க்கும் அதே மாதிரி. ஆசிட்டோ டாய்லெட் கிளீனரோ கூட சேந்துடக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அப்புறம் புதுத் தண்ணி விட்டு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், ஒரு மணி நேரம் கழிச்சு யூஸ் பண்ணுங்க. குடிக்கறதுக்கு என்னவோ கொஞ்ச நாள் கேன் தண்ணி, அதையும் காய்ச்சித்தான்.

சேறு அள்ளும்போது கம் பூட் போடுங்க, கால்ல சின்னப் புண் இருந்தா கூட எலிக்காய்ச்சல் வரலாம், காய்ச்சல் அடிச்சா வெள்ளத்துல நின்னேன்னு டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லிடுங்க.

அடுத்த ஐப்பசிக்குள்ள சம்ப் வாயைச் சுத்தி ரெண்டடி கட்டி உசத்திருங்க, டாய்லெட் லைன்ல ரிட்டர்ன் ஆகாத வால்வு ஒண்ணு போடுங்க. எங்க வீட்ல வாசல் வழியா வந்ததை விட டாய்லெட் வழியாத்தான் தண்ணி மொதல்ல வந்துச்சு.