சென்னையில் ஃப்ளாட் வாங்குவோர் கணக்கில் சறுக்கும் இடங்கள்

"இருபது பர்சன்ட் கையில இருந்தா போதும் சார், மீதிய பேங்க் பாத்துக்கும்." சென்னையில் ஃப்ளாட் தேடுகிறவர்கள் எல்லோரும் கேட்ட வசனம் இது. பெரும்பாலான குடும்பங்கள் முதலில் அடிபடுவதும் இங்கேதான். வங்கி 80 சதவீதம் தருவது உண்மை. அது எதில் 80 சதவீதம் என்பதை யாரும் விளக்குவதில்லை.

70 லட்சம் ரூபாய்க்கு, இன்னும் கட்டி முடிக்காத ஒரு ஃப்ளாட் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் 30 லட்சத்துக்குள் இருந்தால் வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரையான கடனுக்கு 80 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 சதவீதம் வரையும் கிடைக்கும். இங்கே 56 லட்சம் கடன், 14 லட்சம் கைக்காசு. முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது, அவை முழுக்க உங்கள் பணம். 2023 டிசம்பரில் வந்த முறைப்படி, புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை 4 சதவீத முத்திரைத்தாள் கட்டணம், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 5 சதவீதம். இரண்டுக்கும் மேலே 2 சதவீதம் பதிவுக் கட்டணம். ஆக 70 லட்சத்துக்கு 7 சதவீதம், 4.9 லட்சம். கட்டுமானத்தில் இருக்கும் வீடு என்பதால் ஜிஎஸ்டி 5 சதவீதம், 3.5 லட்சம். சில வங்கிகள் இதை விலையோடு சேர்த்துக் கணக்கிடும், சில சேர்க்காது, முன்பே கேட்டுவிடுங்கள். கார்பஸ் ஃபண்ட் (கட்டடத்தின் பிற்காலப் பெரிய செலவுகளுக்கான பொது நிதி), முதல் வருட பராமரிப்பு, மின் இணைப்பு, குடிநீர் டெபாசிட் எல்லாம் சேர்த்து 2 லட்சம். ஃபேன், விளக்கு, ஜன்னல் கொசுவலை, சமையலறை கப்போர்டு என்று சிக்கனமாகச் செய்தாலும் 4 லட்சம். வங்கியின் பிராசசிங் கட்டணம், வக்கீல் கருத்து, கடன் பத்திரப் பதிவுக்கு ஓர் அரை லட்சம்.

கூட்டிப் பாருங்கள்: 28.9 லட்சம். 14 லட்சம் போதும் என்று ஆரம்பித்தவர் அதைப்போல் இரண்டு மடங்கு புரட்ட வேண்டியிருக்கிறது. முத்திரைத்தாள் விகிதமும், சொத்துக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பும் அவ்வப்போது மாறுபவை, அதனால் பதிவுத் தேதிக்கு முந்தைய வாரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய ஃப்ளாட்டை மறுவிற்பனையில் வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் அங்கே முத்திரைத்தாள் 7, பதிவு 2, மொத்தம் 9 சதவீதம். கட்டி முடித்து, நிறைவுச் சான்றிதழும் பெற்ற புது ஃப்ளாட்டுக்கும் ஜிஎஸ்டி இல்லை. அதே விலைக்கு இரண்டு ஃப்ளாட் கிடைத்தால் இந்த ஒரு வேறுபாடே 3.5 லட்சம்.

கையில் குறைகிற பணத்தை எங்கிருந்து கொண்டுவருகிறார்கள் என்பதில்தான் அடுத்த தவறு. பெர்சனல் லோன் எடுத்து முன்பணம் கட்டுகிறார்கள். அதன் தவணை சிபில் அறிக்கையில், அதாவது உங்கள் கடன் வரலாற்றில் ஏறியதும் வங்கி உங்கள் கடன் தகுதியைக் குறைத்துவிடும். மாதம் 15,000 ரூபாய் வேறு தவணை போனால், 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனில் சுமார் 17 லட்சம் தகுதி போய்விடும். வீட்டுக் கடன் அனுமதியான பிறகு, கடைசித் தவணை விடுவிக்கப்படும் முன் கார் லோன் போடுவதும் இதே வகை. விடுவிக்கும் முன் மறுபடி சிபில் பார்க்கும் வங்கிகள் உண்டு.

வங்கி எவ்வளவு தரும் என்று கேட்பது சரியான கேள்வியே இல்லை. கணவன் மனைவி இருவர் சம்பளத்தையும் கூட்டி, கையில் வருவதில் பாதியைத் தவணைக்கு ஒதுக்கலாம் என்று வங்கி கணக்குப் போடும். அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணமோ, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸோ, மனைவி பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருடம் வேலைக்குப் போகாமல் இருக்கலாம் என்பதோ அதன் கணக்கில் வராது. 56 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் 20 ஆண்டுத் தவணை 48,598 ரூபாய். பராமரிப்புக்கு 4,000 சேர்த்தால் மாதம் 52,600. இப்போது 20,000 ரூபாய் வாடகை கொடுக்கிறீர்கள் என்றால் வித்தியாசம் ஏறக்குறைய 33,000. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஆறு மாதம், சம்பளம் வந்த அன்றே அந்த 33,000-ஐத் தனிக் கணக்கில் போட்டு, தொடாமல் இருந்து பாருங்கள். நடுவில் ஒரு கல்யாணமோ, தீபாவளியோ வரட்டும். இருந்து காட்ட முடிந்தால் இந்த வீடு உங்களுக்குக் கட்டுப்படியாகும். இரண்டாவது மாதமே அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டி வந்தால், விலையில் 10 லட்சம் இறங்கித் தேடுங்கள். இதைவிட நம்பகமான சோதனை எங்களுக்குத் தெரிந்து வேறில்லை. சேர்ந்த 2 லட்சம் பதிவுச் செலவுக்கும் ஆகும்.

தவணை கனமாகத் தெரிந்தால் காலத்தை 30 ஆண்டாக நீட்டச் சொல்வார்கள். தவணை 43,059 ஆகும். மாதம் 5,500 ரூபாய் மிச்சப்படுவதுபோல் தோன்றும். மொத்த வட்டியோ சுமார் 61 லட்சத்திலிருந்து 99 லட்சமாக ஏறிவிடும். வேறு வழியே இல்லாமல் நீட்டினால், வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டுவதைப் பழக்கமாக்குங்கள். 20 ஆண்டுக் கடனில் அப்படிக் கட்டினால் மூன்று வருடத்துக்கும் மேல் முன்னதாகவே முடிந்துவிடும். தனிநபர் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. போனஸ் வந்ததும் கட்டுங்கள், ஆனால் "தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

மாறும் வட்டி என்பதன் பொருளைப் பலர் 2022-ல்தான் புரிந்துகொண்டார்கள். அந்த மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 2023 பிப்ரவரியில் 6.5-ஐத் தொட்டது. வட்டி ஏறியதும் வங்கிகள் பொதுவாகத் தவணையைத் தொடுவதில்லை, காலத்தை நீட்டிவிடும். நம் எடுத்துக்காட்டில், ஆரம்பத்திலேயே வட்டி 8.5-லிருந்து 9.5 ஆகி, தவணை அதே 48,598-ஆக இருந்தால், 240 மாதம் 309 மாதமாகிவிடும். உங்களுக்கு 40 வயது என்றால் ஓய்வு பெற்ற பிறகும் கடன் ஓடும். வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்வு செய்யும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். வருடத்துக்கு ஒருமுறை கடன் அறிக்கையை எடுத்து, மீதி மாதம் எத்தனை என்ற ஒரு வரியையாவது பாருங்கள்.

கட்டுமானத்தில் இருக்கும் வீட்டில் இன்னொரு சிக்கல், வாடகையும் வட்டியும் ஒரே சமயத்தில் ஓடுவது. கடனில் 60 சதவீதம், அதாவது 33.6 லட்சம் பில்டருக்குப் போய்விட்டால், ப்ரீ-இஎம்ஐ என்ற பெயரில் வட்டி மட்டுமே மாதம் 23,800. அதில் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. வாடகை 20,000 சேர்த்து மாதம் 43,800. சொன்ன தேதியிலிருந்து ஒரு வருடம் தள்ளினால், தள்ளிய ஒவ்வொரு மாதமும் இதே செலவு. அதனால் பில்டர் சொல்லும் ஒப்படைப்புத் தேதியோடு 12 மாதம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தமிழ்நாடு ரெரா (வீட்டுமனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) தளத்தில் அந்தத் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டால், முடிக்க வேண்டிய தேதி தெரியும். பில்டரின் முந்தைய திட்டங்கள் சொன்ன தேதியில் முடிந்தனவா என்றும் பாருங்கள். வருமான வரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போடுவதும் இப்போது ஆபத்து: புதிய வரி முறையில், நாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது.

சதுர அடிக்கு வருவோம். விளம்பரத்தில் 1,000 சதுர அடி என்பது பெரும்பாலும் சூப்பர் பில்டப். படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாம் அதில் பங்கு போட்டிருப்பார்கள். உள்ளே நாம் கால் வைக்கும் கார்ப்பெட் ஏரியா 700-க்குப் பக்கத்தில் இருக்கலாம். ரெரா சட்டப்படி கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும். இரண்டு ஃப்ளாட்டை ஒப்பிடும்போது விலையைக் கார்ப்பெட் ஏரியாவால் வகுத்துப் பாருங்கள். சதுர அடி 6,800 என்று மலிவாகத் தெரிந்தது 7,200-ஐவிட விலை கூடியதாக இருப்பது சகஜம்.

அதைவிட முக்கியம் யுடிஎஸ், அதாவது நிலத்தில் உங்களுக்குப் பதிவாகும் பிரிக்கப்படாத பங்கு. கட்டடம் தேயும், நிலம் தேயாது. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. எஃப்எஸ்ஐ, அதாவது நிலப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2 என்றால் அதில் 4,800 சதுர அடி கட்டலாம், 1,000 சதுர அடி ஃப்ளாட்டுக்கு 500 சதுர அடி பங்கு வர வேண்டும். உயரமான அடுக்ககம் என்றாலோ, கட்டணம் செலுத்தி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கிக் கூடுதலாகக் கட்டியிருந்தாலோ பங்கு குறைவது இயல்பு. சாதாரண மூன்று மாடிக் கட்டடத்தில் 350 என்று எழுதியிருந்தால் மீதி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். எல்லா ஃப்ளாட்டின் யுடிஎஸ்-ஐயும் கூட்டினால் தாய்ப் பத்திரத்தில் உள்ள நிலப்பரப்பு வர வேண்டும். 25, 30 ஆண்டுக்குப் பிறகு கட்டடத்தை இடித்துக் கட்டும்போது உங்களுக்கு எத்தனை சதுர அடி கிடைக்கும் என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கும்.

டோக்கன் அட்வான்ஸை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். "இன்னொரு பார்ட்டி நாளைக்கு வராங்க" என்பது புரோக்கரின் வழக்கமான பாட்டு. முதலில் தாய்ப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது உள்ளாட்சி அனுமதித்த வரைபடம் ஆகியவற்றின் நகலை வாங்கி உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கிக்காக. வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் நீங்களே கட்டணமில்லாமல் பார்க்கலாம். ரெரா சட்டப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அட்வான்ஸ் ரசீதிலேயே, "வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ, ஆவணத்தில் குறை இருந்தாலோ முழுத் தொகையும் 30 நாளில் திருப்பித் தரப்படும்" என்ற வரி இருக்கட்டும். அந்த வரியைச் சேர்க்க மறுக்கிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மறுவிற்பனையில் "கொஞ்சம் கேஷா குடுங்க" என்பார்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும் (சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது), கணக்கே உதைக்கும். 60 லட்சம் விலையில் 10 லட்சம் ரொக்கம் என்றால் பத்திரம் 50 லட்சத்துக்கு. 80 சதவீதம் கடன் 40 லட்சம். உங்கள் கைக்காசு 12 லட்சமாக இருக்க வேண்டியது 20 லட்சமாகிறது. பத்திரச் செலவில் மிச்சமாவது 90,000. பின்னால் விற்கும்போது வாங்கிய விலை 50 லட்சம் என்றே கணக்காகும், லாப வரி கூடும். இன்னொன்று, 50 லட்சமோ அதற்கு மேலோ விலை என்றால் 1 சதவீதத்தை டிடிஎஸ்-ஆக, அதாவது விற்பவரின் வருமான வரிக்காகப் பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவராக இருந்தால் விகிதம் பல மடங்கு, ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

விலை குறைவு என்று ஊருக்கு வெளியே தள்ளிப் போகிறவர்கள் தண்ணீரைப் பார்ப்பதில்லை. மெட்ரோ வாட்டர் குழாய் வந்துவிட்டதா, போர் தண்ணீர் உப்பா, கோடையில் வாரத்துக்கு எத்தனை லாரி வாங்குகிறார்கள், அதை பராமரிப்பில் தனியாகப் போடுகிறார்களா என்று பக்கத்துக் கட்டடத்தில் விசாரியுங்கள். வெள்ளத் தண்ணீரைப் பற்றியும் விசாரியுங்கள்: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் எவ்வளவு நின்றது என்று கேளுங்கள். விற்பவரிடம் கேட்காதீர்கள். முனையில் இஸ்திரி போடுகிறவர், பால் பூத்காரர், வாட்ச்மேன் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். பழைய காம்பவுண்டுச் சுவரில் வெள்ளம் நின்ற கறை பெயின்டுக்கு அடியிலும் லேசாகத் தெரியும். அது தரைத்தளத்து மீட்டர் பெட்டிக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.