போர்க்கால விமான விபத்தில் மாண்டவர்களைத் தேடிக் கண்டறிவது எப்படி?

1943 ஜூன் 14 அன்று காலை ஆறு மணியளவில், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்து மக்காய் விமானத் தளத்திலிருந்து பனிமூட்டத்தினூடே கிளம்பிய அமெரிக்க பி-17சி குண்டுவீச்சு விமானம், சில நிமிடங்களிலேயே அருகிலுள்ள பேக்கர்ஸ் கிரீக் என்னுமிடத்தில் விழுந்து நொறுங்கியது. விடுப்பு முடிந்து நியூ கினிக்குத் திரும்பிக்கொண்டிருந்த 35 வீரர்களும் விமானக் குழுவினர் 6 பேரும் அதில் இருந்தனர். ஒருவர் மட்டுமே பிழைத்தார். ஆஸ்திரேலிய மண்ணில் இதைவிட அதிக உயிர்களைப் பறித்த விமான விபத்து வேறில்லை. ஆனாலும் போர்க்காலத் தணிக்கை அதை வெளியே தெரியவிடவில்லை. தென்மேற்குப் பசிபிக் பகுதியில் விமான விபத்தில் இறந்தார் என்பதற்கு மேல் குடும்பங்களுக்குச் சொல்லப்படவில்லை. இத்தகைய விபத்தைத் தேடப் புகுவோர் அக்கால நாளிதழ்களை நம்பித் தொடங்கினால் வெறுங்கையோடுதான் திரும்ப நேரும்.

முதலில் விமானத்தின் தொடர் எண்ணைக் கண்டுபிடியுங்கள். பட்டப்பெயர்கள் பல விமானங்களுக்கும் பொதுவாக இருக்கக்கூடும், எண் அப்படியன்று. பேக்கர்ஸ் கிரீக்கில் விழுந்த விமானத்தின் எண் 40-2072. இதில் 40 என்பது கொள்முதல் ஆணை பிறந்த 1940ஆம் நிதியாண்டைக் குறிக்கும். வாலில் எழுதும்போது ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிடுவது அமெரிக்கப் படையின் வழக்கமாதலால், பழைய புகைப்படத்தில் இதே எண் 02072 என்றுதான் தென்படும். இந்த ஓர் இலக்க வேறுபாட்டை அறியாமல், கையில் இருக்கும் படத்தையே வேறு விமானத்துடையது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்து, தேதியைச் சரிபார்க்க வேண்டும். மக்காயில் 14ஆம் தேதி காலை ஆறு மணி என்பது வாஷிங்டனில் 13ஆம் தேதி பிற்பகல். ஆகவே, ஒரு நாள் முன்னும் பின்னும் சேர்த்தே தேடுங்கள்.

அமெரிக்க விமானமாயின், விபத்து அறிக்கைகளை அலபாமாவின் மேக்ஸ்வெல் தளத்தில் உள்ள விமானப்படை வரலாற்று ஆய்வு நிறுவனத்தில் கேட்கலாம். போர்ப்பறப்பில் காணாமற்போன விமானங்களுக்கோ, 1943 முதல் எழுதப்பட்ட தனி அறிக்கைகள் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பிரிட்டிஷ் விமானமாயின், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் படைப்பிரிவு நாட்குறிப்புகளிலும் உயிரிழப்புக் கோப்புகளிலும் தேடவேண்டும். புதைத்த இடமறியாத காமன்வெல்த் விமான வீரர்களின் பெயர்கள் ரன்னிமீட், சிங்கப்பூர் கிராஞ்சி போன்ற நினைவிடங்களில் பொறிக்கப்பட்டுள்ளன; காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் அவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

அமெரிக்கத் தரைப்படையின் பணிக் கோப்புகளில் பெரும்பகுதி 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் காப்பகத்தில் பற்றிய தீயில் அழிந்துபோனது. இராணுவ விமானப் படையினரும் அன்று தரைப்படையின் அங்கமே என்பதால் இது உங்கள் தேடலையும் பாதிக்கும். அதற்காக மனந்தளர வேண்டாம். இறந்த ஒவ்வொருவருக்கும் தனியே எழுதப்பட்ட இறப்புக் கோப்பு என்று ஒன்று உண்டு. உடல் எங்கே முதலில் அடக்கம் செய்யப்பட்டது, பின்னர் எங்கே மாற்றப்பட்டது, சட்டைப்பையில் இருந்தவை எவை, தாய் என்ன கேட்டு எழுதினார் என்பன அதில் இருக்கக்கூடும். என் கணிப்பில், விபத்தின் காரணத்தை ஆராயும் அறிக்கையைவிட இந்தக் கோப்பே மேலானது. பேக்கர்ஸ் கிரீக் விபத்துக்கு உறுதியான காரணம் கடைசிவரை நிறுவப்படவில்லை, ஆனால் மாண்ட 40 பேருக்கும் பெயர் உண்டு.

ஆகையால் உங்கள் பட்டியலில் பெயர், பதவி, படைப்பிரிவு, சொந்த ஊர், முதல் அடக்கம், இறுதி அடக்கம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். பயணிகளைக் குழுவினரோடு கலக்காதீர்கள், பிழைத்தவரையும் விட்டுவிடாதீர்கள். பேக்கர்ஸ் கிரீக் விபத்தாயின், மொத்தம் 41 வராதவரை பட்டியல் முடியவில்லை என்றே கொள்ளுங்கள்.