இரண்டு லைன் இருந்தும் நெட் படுக்கிறதா? பாண்டிங் ரவுட்டர் வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரி, ரிசார்ட் நடத்துகிறவர்கள் இப்போது ஒரே லைனை நம்பி இருப்பதில்லை. ஃபைபர் ஒன்று, சிம் இரண்டு என எடுத்து, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சேர்க்கிறார்கள். நல்ல யோசனைதான். கோட்டை விடுவது பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது.

லோடு பேலன்ஸிங்கும் பாண்டிங்கும் ஒன்றென்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். லோடு பேலன்ஸிங் ரவுட்டர் ஒவ்வொரு இணைப்பையும் ஏதாவதொரு லைனில் தள்ளிவிடும். 20 எம்பிபிஎஸ் லைன் மூன்று இருந்தாலும் ஒரு வீடியோ கால் ஒரு லைனில்தான் ஓடும். அந்த லைன் போனால் காலும் போகும். பாண்டிங்கில் அதே கால் துண்டுதுண்டாக மூன்று லைனிலும் போய், வெளியே ஒரு சர்வரில் ஒன்றுசேரும். ஒரு லைன் அறுந்தாலும் வெளியே தெரிகிற ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்களுக்கான அடையாள எண், மாறாது. குன்னூர் தேயிலை ஏலம் கணினி வழியாக நடக்கிறது. விலை கேட்கிற நேரத்தில் ஐபி மாறி, மறுபடி லாகின் செய்ய நேர்ந்தால் லாட் கைநழுவிவிடும். டெமோவில் ஸ்பீடு டெஸ்ட் காட்டுவார்கள். அதை விடுங்கள், கால் ஓடும்போதே ஃபைபரைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த சர்வருக்கு மாதச் சந்தா உண்டா, அது எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். சென்னை, மும்பை என்றால் சரி. சிங்கப்பூர் என்றால் கோவைக்குப் பேசுகிற காலும் கடல் தாண்டிப் போய்த்தான் திரும்பும்.

மலையில் இதைவிடப் பெரிய வினை ஒன்று உண்டு. இரண்டு கம்பெனி ஃபைபரும் ஒரே கம்பத்தில் தொங்கும். மழையில் ஒரு மரம் சாய்ந்தால் இரண்டும் காலி. 2009 நவம்பர் மண்சரிவில் சாலைகளே துண்டிக்கப்பட்ட மாவட்டம் இது. சிம்மும் அப்படித்தான். இரண்டு நிறுவனங்கள் ஒரே டவரைப் பகிர்ந்துகொண்டிருந்தால், கரன்ட் போய் டவர் பேட்டரி தீரும்போது இரண்டும் சேர்ந்தே படுக்கும். எந்த சிம் எந்த டவரிலிருந்து எடுக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டு மாடல் என்றால் அது பிடிக்கும் பேண்ட் (அலைவரிசை) பட்டியலைப் பாருங்கள். இங்கே 4ஜிக்குப் புழங்கும் பேண்ட் 40 சில அமெரிக்க மாடல்களில் இருக்காது.

கடைசியாக ஆன்டெனா. கூரையில் ஆன்டெனா, கீழே ஆபீஸில் ரவுட்டர், நடுவில் 20 மீட்டர் மெல்லிய ஆன்டெனா கேபிள் என்று போட்டால், மேலே பிடித்த சிக்னலைக் கேபிளே தின்றுவிடும். சிம் போடுகிற மோடமையும் மேலேயே, மழை படாத பெட்டியில் வைத்து, ஈதர்நெட் கேபிளைக் கீழே இறக்குங்கள். அது 100 மீட்டர் வரை தாங்கும். இடி விழும் ஊர், எர்த்திங்கை மறக்க வேண்டாம்.