புதுக் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ்: போடும்போதே செய்துவிடும் தவறுகள்

புதுக் கம்ப்யூட்டர் வந்தவுடன் எல்லோரும் கேட்பது, "எந்த ஆன்டிவைரஸ் போடலாம்?" அதற்கு முன் பார்க்க வேண்டியது, அதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது, வேறு ஆன்டிவைரஸ் இல்லையென்றால் முதல் நிமிடத்திலிருந்தே ஓடிக்கொண்டும் இருக்கிறது. விண்டோஸ் 7 காலத்தில் டிஃபெண்டர் என்ற பெயரில் இருந்தது உளவு நிரல்களை மட்டும் தேடும் சின்ன கருவி. வைரஸ் பாதுகாப்பைத் தனியாகத்தான் போட வேண்டியிருந்தது. விண்டோஸ் 8 முதல், அதாவது 2012 முதல், அது முழு ஆன்டிவைரஸாகவே வருகிறது. "விண்டோஸில் ஒன்றும் இருக்காது, முதலில் ஒன்றைப் போட்டுவிடு" என்ற அறிவுரை அந்தப் பழைய காலத்தது. இன்றும் அப்படியே கைமாறிக்கொண்டிருக்கிறது.

வீட்டு உபயோகத்துக்கு டிஃபெண்டர் போதும் என்பதே எங்கள் கருத்து. வேறொன்றை வாங்கிப் போடுவதிலும் தப்பில்லை. தப்பு நடப்பது எப்படிப் போடுகிறோம் என்பதில்தான்.

ஒன்றின் மேல் இன்னொன்று

கடையிலிருந்து வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் மெக்காஃபியோ நார்ட்டனோ ட்ரையலாக இருக்கும். அதைக் கவனிக்காமல், வாங்கிய வேறொரு ஆன்டிவைரஸை அதன் மேலேயே போட்டுவிடுகிறார்கள். ஆன்டிவைரஸ் என்பது சாதாரண ஆப் மாதிரி மேலாக உட்கார்ந்திருப்பதில்லை. நீங்கள் ஒரு ஃபைலைத் திறக்கும்போது, அந்தக் கோரிக்கை டிஸ்க்குக்குப் போகும் வழியிலேயே ஒரு டிரைவரை, அதாவது விண்டோஸின் அடியாழத்தில் ஓடும் ஒரு நிரலை, வைத்து மறித்துப் பார்க்கிறது. இரண்டு இருந்தால் ஒன்று பரிசோதிக்கத் திறக்கும் ஃபைலை மற்றதும் பரிசோதிக்கும். ஒன்று குவாரன்டைனுக்கு, அதாவது சந்தேகமான ஃபைல்களைப் பூட்டிவைக்கும் இடத்துக்கு, நகர்த்திய ஃபைலை மற்றது வைரஸ் என்று பிடிக்கும். ஒரே உறைக்குள் இரண்டு கத்தி.

வெளியே தெரியும் அறிகுறிகள்: ஃபோல்டர் திறக்கவே நேரமாகும், பெரிய ஃபைலை காப்பி செய்தால் இழுத்துக்கொண்டே போகும், சில சமயம் விண்டோஸே முடங்கி நீலத் திரை வரும். இந்த மென்பொருள்கள் எவ்வளவு ஆழத்தில் இயங்குகின்றன என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. நிறுவனங்களில் பயன்படும் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் கவிழ்ந்தன.

டிஃபெண்டர் மட்டும் விதிவிலக்கு. வேறொரு ஆன்டிவைரஸ் முறையாகப் பதிவு செய்துகொண்டால் அது தானாக ஒதுங்கிவிடும். ட்ரையலாக வந்தது அப்படி ஒதுங்காது, நீங்கள்தான் நீக்க வேண்டும்.

செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ் என்று போய் அன்இன்ஸ்டால் கொடுங்கள். அந்த நிறுவனத்தின் பெயரில் இரண்டு மூன்று பதிவுகள் இருக்கலாம், எல்லாவற்றையும் நீக்குங்கள். பிறகு ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது வேறு, ரீஸ்டார்ட் வேறு: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (சீக்கிரம் ஆன் ஆவதற்கான விண்டோஸ் வசதி) இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் செய்தாலும் டிரைவர்கள் முழுதாக இறங்குவதில்லை. மிச்சம் ஏதாவது தெரிந்தால், மெக்காஃபி, நார்ட்டன், அவாஸ்ட், ஈசெட் என ஒவ்வொரு நிறுவனமும் தன் மென்பொருளைத் துடைத்தெடுக்கத் தனிக் கருவி கொடுக்கிறது. அதை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்து ஓட்டி, இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அடுத்த படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, கீழே உள்ள செட்டிங்ஸில் மேனேஜ் புரொவைடர்ஸ் என்பதைப் பாருங்கள். ஆன்டிவைரஸ் என்ற தலைப்பின் கீழ் யார் ஆனில் இருக்கிறார் என்று அங்கே தெரியும். பாதி நீக்கிய மென்பொருளின் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால், அது இன்னும் காவலில் இருப்பதாக நினைத்து டிஃபெண்டர் ஒதுங்கியே கிடக்கலாம். அப்போது இரண்டுமே இல்லை. டாஸ்க்பாரில் ஐகான் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களின் நிலை பல சமயம் இதுதான்.

ட்ரையல் காலாவதியாகும்போதும் இந்த நிலை வரலாம். மென்பொருள் அப்படியே இருக்கும், ஐகான் இருக்கும், "இப்போதே புதுப்பியுங்கள்" என்று திரையில் எட்டிப் பார்த்துக்கொண்டும் இருக்கும். ஆனால் புது வைரஸ் விவரங்கள் வருவது நின்றிருக்கலாம். பணம் கட்டுவதாக இல்லையென்றால் காலாவதி வரை காத்திருக்காமல் முதல் நாளே நீக்கிவிடுவது நல்லது.

தேவைப்படும்போது மட்டும் ஓட்டும் ஸ்கேனர்கள் இந்தக் கணக்கில் வராது. மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர், மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு போன்றவை பின்னணியில் ஓடுவதில்லை, சந்தேகம் வந்தால் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். சேஃப்டி ஸ்கேனரை இறக்கி 10 நாள் ஆனால் அது செல்லாது, புதிதாக இறக்க வேண்டும். மால்வேர்பைட்ஸ் முதல் 14 நாள் பிரீமியம் ட்ரையலாக ஓடலாம். அந்தக் காலத்தில் அதுவும் முழுநேரக் காவலாளிதான்.

வரிசை மாறினால்

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பல மாதம் கிடந்திருக்கும். அதில் உள்ள விண்டோஸும் வைரஸ் விவரங்களும் அத்தனை மாதம் பழையவை. முதல் வேலை, வலது கீழ் மூலையில் தேதியும் நேரமும் சரியா என்று பார்ப்பது. தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரிந்து அப்டேட்டே இறங்காது, லைசென்ஸும் ஏறாது. உதிரிபாகங்கள் வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர்களில் இது அடிக்கடி நடக்கும்.

பிறகு விண்டோஸ் அப்டேட். ஒருமுறை முடித்து ரீஸ்டார்ட் ஆனதும் விட்டுவிடாதீர்கள். முதல் சுற்று அப்டேட்கள் ஏறிய பிறகுதான் அடுத்தவை தலைகாட்டும். புதிதாக எதுவும் இல்லை என்று சொல்லும் வரை "செக் ஃபார் அப்டேட்ஸ்" கொடுங்கள். ஆன்டிவைரஸ் இருக்கிறதே, அப்டேட் எதற்கு என்பவர்களுக்கு, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை நல்ல பதில். 2017 மே மாதம் அது உலகெங்கும் பரவியது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே நெட்வொர்க் வழியாகத் தாவிய புழு அது. வழக்கமான அப்டேட்கள் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. எனவே அந்தப் பதிப்போடு ஒரு கம்ப்யூட்டர் கைக்கு வந்தால் ஆன்டிவைரஸைப் பற்றி யோசிப்பதற்கு முன் 11க்கு மாற்றுங்கள்.

இவை முடிந்த பிறகுதான் பழைய கம்ப்யூட்டரின் ஃபைல்கள். பெரும்பாலானோர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கையோ பென் டிரைவையோ செருகியதும் எதையும் டபுள் கிளிக் செய்யாமல், டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். கம்ப்யூட்டருக்கு ஃபுல் ஸ்கேன் கொடுத்தால் பென் டிரைவும் சேர்ந்துவிடும் என்று நம்ப வேண்டாம். டிஃபெண்டர் இயல்பாக அதைச் சேர்ப்பதில்லை. பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி, ஐகானின் மூலையில் சின்ன அம்புக்குறி தெரிந்தால் அது பழைய வைரஸின் கைவரிசை. உண்மையான ஃபோல்டர்கள் மறைந்து கிடக்கும், ஷார்ட்கட்டைத் தொட்டால் வைரஸ் முதலில் ஓடும்.

எங்கிருந்து இறக்குவது

தேடல் பக்கத்தில் முதலில் தெரிவது பெரும்பாலும் விளம்பரம். அசல் போலவே இருக்கும் போலித் தளங்கள் அந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்குவதுண்டு. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். இறங்கிய ஃபைலில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்: கையொப்பமிட்டது அந்த நிறுவனமேதானா என்று அங்கே தெரியும். அந்த டேபே இல்லையென்றால் ஓட்டாதீர்கள். இலவச கீ, கிராக் (பணம் கட்டாமல் ஓட்ட பூட்டை உடைத்த பதிப்பு) என்று கிடைக்கும் ஆன்டிவைரஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்ஸ்டால் திரையில் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனால் கூடவே ஒரு பிரவுசரும், மாறிப்போன தேடல் பக்கமும், கேட்காத எக்ஸ்டென்ஷனும் வந்து சேரும். கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து டிக்குகளை எடுங்கள். டேட்டா பகிர்வுக்கான டிக்கையும் சேர்த்துத்தான். அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றது. அந்த நிறுவனம் 2020இல் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதற்காக அவாஸ்ட் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்றது.

"உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்" என்று மூலையில் வரும் எச்சரிக்கை பெரும்பாலும் ஆன்டிவைரஸிலிருந்து வருவதல்ல. ஏதோ ஒரு தளத்தில் நோட்டிஃபிகேஷனுக்கு "அலவ்" கொடுத்ததன் விளைவு. குரோமிலும் எட்ஜிலும் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று தேடினால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர்களை நீக்கினால் "வைரஸ்" போய்விடும்.

நாமே திறந்துவைக்கும் கதவு

கிராக் செய்த மென்பொருள் இப்படித்தான் வரும்: பாஸ்வேர்டு போட்ட ஒரு ஜிப், பக்கத்தில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதில் மூன்று வரி. பாஸ்வேர்டு 1234. முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும். பிறகு செட்அப்பை ஓட்டவும். பாஸ்வேர்டு எதற்கென்றால், பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது. இரண்டாவது வரி எதற்கென்றால், ஜிப் விரிந்தவுடன் மாட்டிக்கொள்ளும் என்பது அனுப்பியவனுக்கே தெரியும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரல்கள் அதிகம் நுழையும் வழிகளில் இது ஒன்று.

இன்னும் நீடித்த கெடுதல் எக்ஸ்க்ளூஷன். "இந்த ஃபோல்டரை ஸ்கேன் செய்யாதே" என்று ஒருமுறை சொன்னால் அது நீங்கள் நீக்கும் வரை நிற்கும். கேம் வேகமாக ஓடட்டும் என்று டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ சி டிரைவ் முழுவதையுமோ சேர்ப்பவர்கள் உண்டு. அட்மின் உரிமை (கம்ப்யூட்டரில் எதையும் மாற்றும் அதிகாரம்) கிடைத்த வைரஸும் முதல் வேலையாகத் தன் ஃபோல்டரை இதில் சேர்த்துக்கொள்ளப் பார்க்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். புதுக் கம்ப்யூட்டரில் இந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும்.

அதே பக்கத்தில் ரியல்-டைம், கிளவுட், டேம்பர் புரொடெக்ஷன் மூன்றும் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். டேம்பர் புரொடெக்ஷன்தான் மற்ற நிரல்கள் டிஃபெண்டரின் அமைப்புகளை மாற்றவிடாமல் தடுப்பது. ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) புரொடெக்ஷனுக்குள் இருக்கும் கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்ஸஸ் இயல்பாக ஆஃபில் இருக்கும். ஆன் செய்தால், அறிமுகமில்லாத நிரல் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் எதையும் மாற்ற முடியாது. நல்ல வசதிதான், தொல்லையும் உண்டு: சில கேம்கள் சேவ் ஆகாது, சில மென்பொருள்கள் ஃபைலை எழுத முடியவில்லை என்று முறையிடும். உடனே வசதியையே அணைத்துவிடாமல் பிளாக் ஹிஸ்டரியில் அந்த நிரலைக் கண்டுபிடித்து அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

தினசரி அட்மின் கணக்கிலேயே உட்கார்ந்திருப்பதும் கதவைத் திறந்துவைப்பதுதான். புதுக் கம்ப்யூட்டரில் முதலில் உருவாகும் கணக்கு அட்மின். அதை ஸ்டாண்டர்டாக, அதாவது அந்த உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக, மாற்றுவது நல்லது, ஆனால் வரிசை முக்கியம். முதலில் வேறொரு அட்மின் கணக்கை உருவாக்குங்கள், அதில் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டைக் குறித்துவையுங்கள். அதன் பிறகே உங்கள் கணக்கை மாற்றுங்கள். குழந்தைகளுக்குத் தொடக்கத்திலிருந்தே ஸ்டாண்டர்ட் கணக்கு போதும்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதற்கும் ஒரு டிக் போடுங்கள். விண்டோஸ் இயல்பாக வால்பகுதியை மறைப்பதால் பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ என்ற நிரல் வெறும் பில்.பிடிஎஃப் என்று தெரியும்.

வேலை செய்கிறதா?

இதைச் சோதித்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஈகார் என்ற அமைப்பின் தளத்தில் 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனை வரி இருக்கிறது. எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸ்களும் அதை வைரஸாகப் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதை நோட்பேடில் ஒட்டி சேவ் செய்யுங்கள். சில நொடிகளில் ஃபைல் காணாமல் போகும், புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் ஈகார் பெயரில் பதிவு இருக்கும். திறந்து மூடினாலும் ஃபைல் அப்படியே இருந்தால் உங்கள் காவல் ஆஃபில் இருக்கிறது, மேனேஜ் புரொவைடர்ஸ் பக்கத்துக்குத் திரும்புங்கள்.

குவிக் ஸ்கேன் வைரஸ் வழக்கமாக ஒட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் பார்க்கும், வாரத்துக்கு ஒருமுறை அது போதும். பழைய ஃபைல்களை ஏற்றியதும் ஒருமுறை ஃபுல் ஸ்கேன். மணிக்கணக்கில் ஓடலாம் என்பதால் லேப்டாப்பை சார்ஜரில் போட்டு, தானாக ஸ்லீப் ஆவதையும் நிறுத்திவையுங்கள். நீக்கியும் திரும்பத் திரும்ப வரும் வைரஸுக்கு ஆஃப்லைன் ஸ்கேன். அது விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடும், சுமார் 15 நிமிடம். திறந்திருக்கும் வேலையை சேவ் செய்துவிட்டுக் கொடுங்கள், உடனே ரீஸ்டார்ட் ஆகும்.

நம்பிக்கையான இடத்திலிருந்து இறக்கிய ஃபைலை ஆன்டிவைரஸ் பிடித்தால் அவசரப்பட்டு அலவ் கொடுக்க வேண்டாம். குவாரன்டைனில் அது முடங்கித்தான் கிடக்கும், ஓடாது. அதே ஃபைலின் டவுன்லோட் இணைப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் கொடுத்தால் அந்த இணைப்பைப் பற்றிப் பல பாதுகாப்பு நிறுவனங்களின் முடிவு ஒரே பக்கத்தில் வரும். ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டினால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம், பெரிய நிறுவனங்கள் பலவும் ஒரே குரலில் சொன்னால் ஃபைலை விட்டுவிடுங்கள். வங்கி அறிக்கை, அடையாள அட்டை போன்ற சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றியவை பாதுகாப்பு ஆய்வாளர்களின் பார்வைக்கும் போகும்.